கைபேசி மென்பொருளை மேம்படுத்திய பின் புளூடூத் பிரிண்டர் இணையவில்லையா? அனுமதிகளைச் சரிபார்க்கும் முறை

கானாடுகாத்தானில் பலகாரக் கடை வைத்திருக்கும் எங்கள் உறவுக்கார ஆச்சி ஒருவர், தை மாத முகூர்த்த நாள் ஒன்றில் காலை ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார். முந்தைய இரவு, மென்பொருளை மேம்படுத்தச் சொல்லிக் கைபேசி கேட்டிருக்கிறது. சம்மதம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் முதல் வாடிக்கையாளருக்குத் தேன்குழலும் மணகோலமும் நிறுத்துக் கட்டிவிட்டுப் பில் போடும் செயலியில் அச்சிடும் பொத்தானை அழுத்தினால், "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்ற வரி மட்டுமே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. "தம்பி, மிஷின் போயிருச்சு போல. காரைக்குடியில புதுசு ஒண்ணு சொல்லிரவா?" என்று கேட்டார். நான் வரும்வரை எதையும் வாங்க வேண்டாம், எந்தச் செயலியையும் நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அந்தப் பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை. செயலிக்குக் கைபேசி கொடுத்திருந்த அனுமதிதான் மூடப்பட்டிருந்தது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துக் கடைகளிலும், விருந்தினர் தங்கும் பழைய வீடுகளிலும் இதே சிக்கலைப் பலமுறை பார்த்துவிட்டேன். நல்ல நிலையில் உள்ள கருவியைப் பழுது என்று எண்ணித் தூக்கிப் போடுவதும், கைபேசியை முழுவதுமாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்ப் பில் கணக்குகளை இழப்பதும் தேவையற்ற நட்டங்கள். ஆகவே, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

குறை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிதல்

முதலில் கருவியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கடைகளில் உள்ள 58 மில்லிமீட்டர் தாள் சுருள் போடும் சிறிய தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வழி உண்டு. பிரிண்டரை அணைத்துவிட்டு, தாளை நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஸ்விட்சைப் போட்டால், அது தன்னைத் தானே சோதித்து ஒரு சீட்டை அச்சிடும். பல மாதிரிகளில் அந்தச் சீட்டிலேயே பிரிண்டரின் புளூடூத் பெயரும் இணைப்புக்குரிய ரகசிய எண்ணும் இருக்கும். அந்த எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234. ஆச்சியின் கடையில் சீட்டு பளிச்சென்று வந்தது. தாள், வெப்பத் தலை, பேட்டரி மூன்றும் நன்றாக இருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது தூரம். செட்டிநாட்டு வீடுகளில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முகப்பில் வைத்த வைஃபை ரௌட்டரின் அலை, நடுமுற்றமான வளவைத் தாண்டி, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் கனத்த சுண்ணாம்புச் சுவர்களில் மங்கிவிடுகிறது. அந்தச் சுவர்களின் குறையை அனுமதியின் குறை என்றோ, அனுமதியின் குறையைச் சுவர்களின் குறை என்றோ எண்ணி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வேறுபாட்டை அறிவது எளிது. கைபேசியையும் கருவியையும் ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். அப்போது இணைந்துவிட்டால் சிக்கல் அலையில் இருக்கிறது. ஒரு சாண் தூரத்திலும் கிடைக்கவில்லை என்றே சொன்னால் மேலே படியுங்கள்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று புளூடூத் பக்கத்தைத் திறந்து, பிரிண்டரின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் இயங்குதளத்துக்கே, அதாவது கைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கே உரியது என்பதால், செயலிகளுக்குக் கொடுக்கும் அனுமதி அதற்குத் தேவையில்லை. அங்கே பிரிண்டர் தெரிந்து, பில் செயலிக்குள் மட்டும் தெரியாமல் இருந்தால், குறை பெரும்பாலும் அனுமதியில்தான் இருக்கும். அமைப்புகளின் பக்கத்திலேயே தெரியவில்லை என்றால், பிரிண்டர் வேறொரு கைபேசியோடு இணைந்திருக்கக் கூடும். இவ்வகைப் பிரிண்டர்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கைபேசியோடு மட்டுமே பேசும். கடையில் உதவிக்கு இருப்பவரின் கைபேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

மேம்படுத்தியதும் அனுமதி ஏன் மாறுகிறது

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அக்கம்பக்கத்துப் புளூடூத் கருவிகளைத் தேட விரும்பும் செயலி, இருப்பிட அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பிரிண்டருக்கும் இருப்பிடத்துக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கைபேசியைச் சுற்றி எந்தெந்தப் புளூடூத் கருவிகளும் வைஃபை பெயர்களும் இருக்கின்றன என்று தெரிந்தால், அதை வைத்தே அந்தக் கைபேசி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கணித்துவிடலாம். ஆகவே, தேடும் உரிமையை இருப்பிட உரிமைக்கு இணையாக வைத்தார்கள். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, தோராயமான இருப்பிடம் போதாது, துல்லியமான இருப்பிடமே வேண்டும் என்று விதி இறுகியது.

பிறகு 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, புளூடூத்துக்கென்று தனி அனுமதியை ஏற்படுத்தியது. அமைப்புகளில் அது "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற பெயரில் தெரியும். புதிய விதிக்கு ஏற்ப எழுதப்பட்ட செயலி, கருவியைத் தேடுவதற்கு மட்டுமன்றி, ஏற்கெனவே இணைத்துவைத்த கருவியோடு பேசுவதற்கும் இந்த அனுமதியைப் பெற வேண்டும். மூன்று ஆண்டுகளாக அச்சிட்டுக்கொண்டிருந்த பிரிண்டர் ஒரே இரவில் அந்நியமாகிப் போவதன் காரணம் இதுதான். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, அருகிலுள்ள வைஃபை கருவிகளையும் இதே பெயரின்கீழ் சேர்த்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இயங்குதளம் மாறிய நாளிலேயே செயலி நின்றுவிட வேண்டும் என்பதில்லை. பழைய விதிக்கு எழுதப்பட்ட செயலி, புதிய ஆண்ட்ராய்டிலும் சில மாதங்கள் வழக்கம்போல ஓடும். செயலியை உருவாக்கியவர்கள் புதிய விதிக்கு மாற்றி எழுதி வெளியிட்ட பதிப்பு, நமக்குத் தெரியாமல் இரவில் தானாக நிறுவப்பட்டதும்தான் கேள்வி எழுகிறது. ஆகவே "நான் கைபேசியை மேம்படுத்தி வெகு நாளாயிற்றே" என்று எண்ணி அனுமதியைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

சரிசெய்யும் வரிசை

அமைப்புகளைத் திறந்து, செயலிகளின் பட்டியலில் உங்கள் பில் செயலியைத் தேர்ந்தெடுத்து, "அனுமதிகள்" என்ற பகுதிக்குள் செல்லுங்கள். அனுமதிக்கப்பட்டவை மேலேயும் மறுக்கப்பட்டவை கீழேயும் தனித்தனியாக இருக்கும். "அருகிலுள்ள சாதனங்கள்" கீழே இருந்தால், அதைத் தொட்டு "அனுமதி" என்று மாற்றுங்கள். ஆச்சியின் கைபேசியில் அது கீழேதான் இருந்தது. கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி காலையில் செயலியைத் திறந்தபோது ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. விளம்பரம் என்று எண்ணி, "அனுமதிக்க வேண்டாம்" என்பதை இரண்டு முறை தொட்டிருக்கிறார். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை இருமுறை மறுத்தால் கைபேசி அந்தக் கேள்வியை மறுபடி எழுப்பாது. அதனால்தான் ஆச்சி எத்தனை முறை திறந்து பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "அருகிலுள்ள சாதனங்களைக் கண்டறிந்து இணைக்க அனுமதிக்கவா" என்ற கேள்வியைப் பிரிண்டரோடு தொடர்புபடுத்திப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அனுமதியைக் கொடுத்ததும் செயலிக்கு நேரே போய்விடாமல், அதை முழுவதுமாக நிறுத்திவிட்டு மீண்டும் திறக்க வேண்டும். பல செயலிகள் தொடங்கும்போது மட்டுமே தம் அனுமதியைச் சரிபார்க்கின்றன.

அனுமதிப் பட்டியலில் "அருகிலுள்ள சாதனங்கள்" இல்லாவிட்டாலோ, அது இருந்தும் பிரிண்டர் கிடைக்காவிட்டாலோ, அந்தச் செயலி பழைய விதியின்படி இருப்பிடத்தை நம்பியிருக்கலாம். அப்போது மூன்றைப் பார்க்க வேண்டும். செயலிக்கு இருப்பிட அனுமதி இருக்க வேண்டும். அதன் உள்ளே "துல்லியமான இருப்பிடம்" என்ற விசை திறந்திருக்க வேண்டும். திரையை மேலிருந்து இழுத்தால் வரும் விசைகளில் கைபேசியின் பொதுவான இருப்பிட விசையும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அடைத்திருந்தாலும் செயலி பிழை எதையும் சொல்லாமல், வெறும் பட்டியலைக் காட்டிவிட்டு நின்றுவிடக் கூடும். பேட்டரியைச் சேமிக்கலாம் என்று பொது விசையை அணைத்து வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய இருப்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் இணையாவிட்டால், பழைய இணைப்பைக் களைந்துவிட்டுப் புதிதாக இணைக்கலாம். புளூடூத் பக்கத்தில் பிரிண்டரின் பெயருக்கு அருகே உள்ள சக்கரக் குறியைத் தொட்டு இணைப்பை நீக்குங்கள். பிரிண்டரை அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடுங்கள். மீண்டும் தேடி, ரகசிய எண்ணைக் கொடுத்து இணையுங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு "இன்னும் வரவில்லையே" என்கிறார்கள். பில் செயலியின் உள்ளே, பிரிண்டர் அமைப்பு என்ற பக்கத்துக்குச் சென்று, புதிதாக இணைத்த பிரிண்டரை அங்கும் ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

காலையில் அச்சாகி, மதியம் நின்றுவிடுகிறது என்றால், பேட்டரிக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். சில கைபேசிகள் பின்னணியில் ஓடும் செயலிகளை மிகக் கண்டிப்பாக நிறுத்திவிடுகின்றன. மேம்படுத்திய பின் அந்தக் கண்டிப்பு கூடிவிடுவதும் உண்டு. செயலியின் பக்கத்தில் உள்ள பேட்டரிப் பகுதியில், கட்டுப்பாடு இல்லாத நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இனிச் செய்யக் கூடாதவை. செயலியின் தரவை அழிப்பதும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதும் கடைசி வழிகள். கணக்கு முழுவதும் கைபேசிக்குள்ளேயே சேமிக்கப்படும் செயலிகளில், தரவை அழித்த நொடியில் ஆண்டுக் கணக்கும் போய்விடும். பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். பிரிண்டரோடு வந்த பழைய செயலிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய விதிகளின்படி எழுதப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ, 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 இடம் கொடுப்பதில்லை. அடுத்து வந்த ஆண்ட்ராய்டு 15 அந்த எல்லையை மேலும் ஒரு படி உயர்த்தியது. மேம்படுத்தும் முன்பே கைபேசியில் இருந்த பழைய செயலி அப்படியே தொடரும். அதை நீக்கிவிட்டால் மீண்டும் நிறுவ முடியாது. அதனால்தான் ஆச்சியிடம் முதலிலேயே எதையும் நீக்க வேண்டாம் என்று சொன்னேன்.

நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமைக்கும் வசதி, படங்களையும் கணக்குகளையும் தொடாது. ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தையும், இணைத்த புளூடூத் கருவிகள் அனைத்தையும் துடைத்துவிடும். விருந்தினர் தங்கும் வீடு நடத்துவோர் முகப்புக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று பல வைஃபை பெயர்கள் வைத்திருப்பார்கள். அவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் வீடுகள்

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சூழ்நிலையைப் பொதுவான வழிகாட்டிகள் தொடுவதில்லை. குடும்பம் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, வீடு ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். முன்னோருக்குப் படைத்து வழிபடும் படைப்புக்கோ, திருமணத்துக்கோ, நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கோ வந்து திறக்கும்போது, சென்ற முறை நன்றாக வேலை செய்த புளூடூத் பூட்டும், இன்வெர்ட்டரின் அளவைக் காட்டும் செயலியும், வைஃபை கேமராவை அமைக்கும் செயலியும் ஒன்றாகக் கைவிரிக்கும்.

இங்கே குற்றவாளி இயங்குதள மேம்படுத்தல் மட்டும் அல்ல. சில மாதங்கள் பயன்படுத்தாத செயலியின் அனுமதிகளைக் கைபேசி தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆண்ட்ராய்டு 11-இல் வந்தது. 2021 டிசம்பர் முதல் கூகுள் அதைப் பழைய கைபேசிகளுக்கும் விரித்தது. நோக்கம் நல்லதுதான், மறந்துபோன செயலி நம் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் ஆண்டுக்கு இருமுறை மட்டும் தேவைப்படும் செயலிக்கு அது பொருந்தாது. அத்தகைய செயலியின் பக்கத்தில், பயன்படுத்தாதபோது செயல்பாட்டை இடைநிறுத்துவது பற்றிய விசை கீழ்ப்பகுதியில் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். கதவைத் திறக்கும் செயலிக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். எல்லாச் செயலிக்கும் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்குப் புறப்படும் முன்னரே செயலிகளைத் திறந்து அனுமதிகளைப் பார்த்துவிட்டால், இரவு பத்து மணிக்குப் பெட்டிகளோடு நிலைவாசலில் நிற்க நேராது. இரும்புச் சாவி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

முதியவர்களின் ரத்த அழுத்தமானிக்கு வேறொரு குறிப்பு. மின்சாரம் குறைவாகச் செலவாகும் புளூடூத் வகையில் இயங்கும் இக்கருவிகள் பலவற்றை, கைபேசியின் புளூடூத் பக்கத்தில் நேரடியாக இணைக்கக் கூடாது. அந்தக் கருவிக்குரிய செயலியின் வழியாகவே இணைக்க வேண்டும். மேம்படுத்திய பின் அளவு வரவில்லை என்று, அமைப்புகளின் பக்கத்தில் யாரேனும் அவசரமாக இணைத்திருந்தால், முதலில் அதை நீக்கிவிட்டுச் செயலிக்குள் போய்த் தொடங்குங்கள். தேவகோட்டையில் இருக்கும் அப்பத்தாவின் ரத்த அழுத்தத்தை வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் பார்க்கிறார் என்றால், இணைப்பு சரியாகும்வரை கருவியின் திரையில் தெரியும் எண்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கைபேசி மறுத்தாலும் கருவி அளந்துகொண்டுதான் இருக்கும்.

ஐபோனும் கணினியும்

ஐபோனில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டே. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் புளூடூத்தைப் பயன்படுத்தும் செயலிகள் தனியாக அனுமதி கேட்கின்றன. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு வைஃபைக்குள் இருக்கும் பிரிண்டர், கேமரா போன்றவற்றைத் தேடும் செயலிகள் உள்ளூர் நெட்வொர்க் அனுமதியைப் பெற வேண்டும். இரண்டும் தனியுரிமைப் பகுதிக்குள் இருக்கின்றன. விசை திறந்திருந்தும் கருவி கிடைக்காவிட்டால், விசையை ஒருமுறை மூடித் திறந்து, கைபேசியை அணைத்துப் போடுங்கள். மேக் கணினிகளிலும் 2024-இல் வந்த செக்வோயா பதிப்பு முதல் இதே உள்ளூர் நெட்வொர்க் அனுமதி உண்டு.

விண்டோஸ் 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு, சுற்றியுள்ள வைஃபை பெயர்களைப் படிக்கும் செயலிகளுக்கு இருப்பிட அனுமதி தேவைப்படுகிறது. விருந்தினர் வீட்டில் எந்த அறையில் அலை குறைவு என்று அளக்கும் செயலி திடீரென்று வெற்றுப் பட்டியல் காட்டினால், தனியுரிமைப் பகுதியில் இருப்பிடத்தைத் திறந்து, டெஸ்க்டாப் செயலிகளுக்கும் அதை அனுமதியுங்கள்.

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் புளூடூத் பிரிண்டரைத் தொடர் துறையாக (serial port) இணைத்துப் பயன்படுத்துவோர், தங்கள் பயனர் கணக்கு அத்துறையைப் பயன்படுத்தும் உரிமை தரும் "டயல்அவுட்" (dialout) குழுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக நிறுவும்போது அந்த உறுப்புரிமை தானாக வருவதில்லை. சேர்த்த பின், கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது செல்லுபடியாகும். இணைக்கும் கருவிகளைக் கணினி எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் யுடெவ் (udev) விதிகளை இயங்குதளத்தின் சொந்தக் கோப்புறையில் திருத்தி வைத்திருந்தால், மேம்படுத்தல் அவற்றின்மேல் எழுதிவிடும். நம் விதிகளை நிர்வாகிக்குரிய அமைப்புக் கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்தால் அவை நிலைக்கும்.

அடுத்த மேம்படுத்தலுக்கு முன்

மேம்படுத்தல்களைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றோடுதான் வருகின்றன. பணப் பரிமாற்றம் செய்யும் கைபேசியில் அவற்றைத் தள்ளிப்போடுவது தவறு. நாளைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவிலும், ஆத்தங்குடிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரும் விடுமுறை நாட்களுக்கு முன்பும் வேண்டாம். கடை விடுமுறைக்கு முந்தைய மாலை பொருத்தமானது. அதற்கு முன் பில் கணக்கைப் பிரதி எடுத்து, செயலியின் அனுமதிப் பக்கத்தை ஒரு திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்தியதும், வாடிக்கையாளர் வரும்வரை காத்திராமல் ஒரு சோதனைச் சீட்டை அச்சிட்டுப் பாருங்கள்.

ஆச்சியின் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பிரிண்டரின் புளூடூத் பெயர், ரகசிய எண், "அருகிலுள்ள சாதனங்கள்: அனுமதி", "இருப்பிடம்: துல்லியம்" என்று நான்கு வரிகள் ஆச்சியின் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஐந்தாவது வரியாக, பிரிண்டர் பற்றிக் கைபேசி கேள்வி கேட்டால் தன்னைக் கூப்பிடாமல் தொடக் கூடாது என்று கடைத் தம்பிக்கு எழுதி வைத்திருக்கிறார்.